மலைக் குளிரில் ஊமைச் சிரிப்பு: பழைய நகைச்சுவைச் சுருள்களைத் தேடி, காத்து, திரையிடும் முறை

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ இருந்துகொண்டு சாப்ளின், பஸ்டர் கீட்டன், ஹரோல்ட் லாயிட் காலத்துப் படச்சுருள்களைச் சேகரிக்க விரும்புகிறவருக்கு மலை ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பறிக்கிறது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். சராசரி வெப்பம் 16 பாகையை ஒட்டியது. திரைப்படக் காப்பகங்கள் பணத்தைக் கொட்டி உண்டாக்கும் குளிர் இங்கே சும்மா கிடைக்கிறது. ஆனால் மே கடைசியில் தென்மேல் பருவக்காற்று ஏறிவிட்டால் காற்றின் ஈரப்பதன் 80 வீதத்தைத் தாண்டி, நாள்கணக்கில் இறங்காமல் நிற்கும். ஆகவே உங்கள் வேலை ஈரத்தோடு மல்லுக்கட்டுவதுதான். இந்த அத்தியாயத்தில் பெரும்பகுதி அதற்கே. மீதி, காத்த சுருளைப் பூட்டி வைக்காமல் நாலு பேருக்கு ஓட்டிக் காட்டுவது பற்றியது.

ஏன் நகைச்சுவை? முதற்காரணம், கிடைக்கும். அமெரிக்க ஊமைக்கால முழுநீளப் படங்களில் 14 வீதம் மட்டுமே மூல வடிவில் முழுதாக எஞ்சியிருப்பதாக அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. இந்திய ஊமைப்படங்களின் கதி இன்னும் மோசம்: நடராஜ முதலியாரின் ‘கீசக வத’த்தில் ஒரு துண்டுகூட எஞ்சவில்லை. குறும் நகைச்சுவைப் படங்கள் தப்பியதற்குக் காரணம், அவை வீட்டில் போட்டுப் பார்ப்பதற்கென்றே சிறு அளவுகளில் பல்லாயிரம் பிரதிகளாக விற்கப்பட்டதே. இரண்டாவது காரணம், அவற்றுக்கு மொழி வேண்டாம். 1932-இல் உலகப் பயணத்தில் கொழும்பில் இறங்கிக் கண்டிவரை வந்த சாப்ளினை இங்கே யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

முதலில் ஒரு எச்சரிக்கை: 35 மி.மீ. கிடைத்தால் கையை எடுங்கள்

1950களின் தொடக்கம்வரை திரையரங்குகளுக்கான 35 மி.மீ. படங்கள் பெரும்பாலும் நைட்ரேட் படலத்தில் அச்சானவை. அது எரியும்போது தனக்கு வேண்டிய ஒட்சிசனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். தண்ணீருக்குள் அமிழ்த்தினாலும் அணையாது. வரும் புகை நஞ்சு. அழுகத் தொடங்கிய நைட்ரேட் சுருள் வெறும் 40 பாகை வெயிலிலேயே தானாகப் பற்றக்கூடும்.

1. சுருளின் அகலத்தை அளவுகோலால் அளவுங்கள். 35 மி.மீ. என்றால் ஓரத்தில் ‘சேஃப்டி’ என்ற ஆங்கிலச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் நைட்ரேட் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.
2. பிசுபிசுப்பு, தேன்நிற நுரை, பழுப்புத் தூள், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பிரிக்காதீர்கள். வீட்டை விட்டுத் தள்ளி, நிழலில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பூட்டிய தகரப் பெட்டி கூடாது.
3. தீயணைப்புப் படையிடம் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். பஸ்ஸிலோ ரயிலிலோ கொண்டுபோகாதீர்கள்.
4. ஒரு துண்டை வெட்டி நெருப்பில் காட்டிப் பார்க்கும் ‘சோதனை’ இன்னும் சிலர் வாயில் உலவுகிறது. ஒருபோதும் வேண்டாம்.

கோடக், பாத்தே போன்ற நிறுவனங்கள் வீட்டுப் பாவனைக்கு விற்ற 16, 9.5, 8 மி.மீ. சுருள்கள் எளிதில் எரியாத அசற்றேற்றுப் படலம். இனி இந்த அத்தியாயம் பேசுவது அவற்றைப் பற்றியே.

எந்தச் சுருள் எது?

16 மி.மீ. 1923-இல் வந்தது. ஊமைப் பிரதியானால் இரு ஓரமும் துளை. ஒலிப் பிரதியானால் ஒரு ஓரம் மட்டும் துளை, மறு ஓரத்தில் ஒலித்தடம். 9.5 மி.மீ. 1922-இல் பிரான்சில் பிறந்தது. துளை நடுவில், இரண்டு படச்சட்டங்களுக்கு இடையே இருக்கும். பிரிட்டனில் இது வீட்டுக்கு வீடு ஓடியது. ஆகையால் பழைய துரைமார் பங்களாக்களின் பெட்டிகளில் 16-ஐவிட இதை எதிர்பாருங்கள். 8 மி.மீ. 1932-இலும் சூப்பர் 8 1965-இலும் வந்தன. பின்னதன் துளை சிறியது, சட்டத்தின் நடுமட்டத்தில் இருக்கும். சில்லின் நடுத்துவாரமோ பெரியது.

குறிப்பு: 9.5 சுருளின் ஓரத்தில் வெட்டுப்பட்டதுபோல் சிறு பள்ளங்கள் தெரிந்தால் அது சேதம் என்று எண்ணி ஒட்டிவிடாதீர்கள். காட்சிகளுக்கிடையே வசனம் காட்டும் எழுத்தட்டை வரும்போது புரொஜெக்டரைச் சில நொடி நிறுத்தி, படலத்தை மிச்சம்பிடிக்கும் பாத்தேயின் உத்தி அது. அந்த வசதியில்லாத கருவியில் ஓட்டினால் எழுத்துகள் கண்ணிமைக்குமுன் ஓடிவிடும்.

கோடக் படலத்தின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று குறிகள் இருக்கும். அவை படலம் செய்யப்பட்ட ஆண்டைச் சொல்லும் குறியீடு. 20 ஆண்டுக்கொருமுறை அதே குறி திரும்பும். எனவே ‘1917-இல் வந்த படம், 1917-இல் அச்சான பிரதி’ என்று விற்க வருபவர் சொன்னால் 1937-ஐயும் 1957-ஐயும் நினைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள். 16 மி.மீ. என்றால் 1917 என்ற பேச்சுக்கே இடமில்லை.

எங்கே தேடுவது, எப்படிக் கேட்பது

1972-இன் காணிச் சீர்திருத்தச் சட்டமும், 1975-இல் கம்பெனித் தோட்டங்களை அரசு எடுத்ததும் வெள்ளைக்காரத் துரைமாரின் காலத்தை முடித்துவைத்தன. பங்களாச் சாமான்களில் ஒரு பகுதி கப்பலேறியது. ஒரு பகுதி கிளாக்கர்மார், டீமேக்கர்மார், பங்களா அப்புமார் வீடுகளுக்குப் போனது. கான்வென்ட், மிஷன் பள்ளிகளின் சாமான் அறைகளையும் விடாதீர்கள்.

கேட்கும் முறையில்தான் பாதி வெற்றி. ‘படம் ஏதும் இருக்கா?’ என்றால் சுவரில் மாட்டிய சாமிப்படத்தையும் கலியாண அல்பத்தையும் எடுத்துத் தருவார்கள். ஒரு வெற்றுச் சில்லைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ‘தாத்தா, தொரமாரு காலத்துல இந்த மாதிரி சக்கரத்த மெசின்ல மாட்டி படம் காட்டுவாங்களாமே, பாத்திருக்கீங்களா?’ என்று தொடங்கினால் பெரியவர்கள் பேசத் தொடங்குவார்கள். சுருள் கிடைக்காவிட்டாலும், எந்தப் பங்களாவில் யார் காட்டினார்கள் என்ற தகவல் கிடைக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

விலை பேசும்போது இரண்டு பொறிகள். சாப்ளினைப் போலவே மீசையும் தொப்பியும் போட்டு நடித்த பில்லி வெஸ்ட் என்பவரின் படங்கள் சாப்ளின் என்றே விற்கப்பட்டிருக்கின்றன. தடித்த வில்லனாக ஒலிவர் ஹார்டி வந்தால் சந்தேகப்படுங்கள். அடுத்து, 1914-இல் கீஸ்டோன் கம்பெனிக்காகச் சாப்ளின் நடித்த குறும்படங்கள் பெயர் மாற்றி, வெட்டிச் சுருக்கி விற்கப்பட்டவை. பெட்டியின் பெயரை நம்பாமல் காட்சியைப் பார்த்து அடையாளம் காணுங்கள். தொடக்கக்காரருக்கு நான் சொல்வது, மியூச்சுவல் கம்பெனிக்காக 1916–17-இல் சாப்ளின் எடுத்த 12 இரட்டைச்சுருள் படங்களில் ஒன்றிரண்டைத் தேடுங்கள் என்பதே. வெளிநாட்டிலிருந்து வாங்குவதானால் அயோவா மாநிலத்து பிளாக்ஹோக் நிறுவனத்தின் பழைய பிரதிகளைக் கேளுங்கள். தரம் பரவாயில்லை, தொடக்கத்தில் படத்தின் வரலாற்றைச் சொல்லும் முன்னுரையும் ஓடும்.

கையில் வந்த முதல் அரைமணி நேரம்

உடனே ஓட்டிப் பார்க்கும் ஆசைதான் சுருள்களைக் கொல்வதில் முதலிடம். இந்த வரிசையில் போங்கள்:

1. மூடியைத் திறந்ததும் மணத்தைக் கவனியுங்கள். மூக்கை உள்ளே விட வேண்டாம். வினாகிரி மணம் வந்தால் அசற்றேற்றுப் படலம் சிதைகிறது. அந்த அமிலம் பக்கத்துச் சுருள்களையும் கெடுக்கும், அன்றே தனியாக்குங்கள்.
2. பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு முதல் இரண்டு மூன்று அடியை மட்டும் பிரியுங்கள். சாம்பல் அல்லது வெள்ளைப் படர்வு பூஞ்சணம்.
3. மேசைமேல் நேராக விரித்து 100 சட்டங்களை அளவுங்கள். 16 மி.மீ. சுருளில் அது 762 மி.மீ. இருக்க வேண்டும், 8 மி.மீ.யில் 381. 16-இல் 754-க்குக் கீழே இறங்கினால் சுருக்கம் 1 வீதத்தைத் தாண்டிவிட்டது. புரொஜெக்டரின் பல் துளைகளைக் கடித்துக் குதறும். ஓட்டக்கூடாது.
4. கையால் சுற்றும் மேசையில் முழுச் சுருளையும் மெதுவாகக் கடத்தி, கிழிந்த துளை, பழைய ஒட்டு ஒவ்வொன்றையும் குறியுங்கள். சாதாரண ‘ஸெலோடேப்’ ஒட்டுகள் பிசின் கசிந்திருக்கும்; பிரித்து, படத்துக்கென்றே விற்கும் ஒட்டுநாடாவால் மீண்டும் ஒட்டுங்கள்.
5. கடைசி அடிவரை பாருங்கள். பாதியில் நிறுத்தாதீர்கள்.

ஐந்தாவதை ஏன் அழுத்துகிறேன் என்றால், அந்தக் காலத்துப் பங்களாக்காரர்களில் கமரா வைத்திருந்தவர்கள், தாங்கள் எடுத்த குடும்பப் படங்களை விலைக்கு வாங்கிய நகைச்சுவைச் சுருளின் வாலில் ஒட்டி வைப்பதுண்டு. வெறும் வெள்ளை ஓட்டத்துக்குப் பின் திடீரென ஒரு பங்களாத் தோட்டம், நாய், குதிரைப் பந்தயம், கொழுந்து நிறுக்கும் இடம், பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்கும் ஆட்கள் என்று வரலாம். சாப்ளினின் ‘தி ரிங்க்’ உலகத்தில் ஆயிரக்கணக்கான பிரதிகளாக இருக்கிறது. வீட்டுக் கமராவில் எடுத்த படமோ, கமராவுக்குள் ஓடிய அதே படலம். பெரும்பாலும் நெகடிவ் கிடையாது, உலகத்தில் ஒன்றே ஒன்று. சிரிப்புப் படத்தைத் தேடிப்போன உங்களுக்கு இதுவே பெரிய கண்டெடுப்பு. அதை வெட்டிப் பிரிக்காதீர்கள், புரொஜெக்டரில் ஓட்டாதீர்கள்; நேரே ஸ்கானுக்கு அனுப்புங்கள்.

பூஞ்சணம் துடைக்கும் முறை

மலையகத்தில் கிடைக்கும் சுருளில் பூஞ்சணம் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். செய்யக்கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன்: தண்ணீர் படக்கூடாது. படத்தைத் தாங்கும் ஜெலற்றின் படையைப் பூஞ்சணம் தின்று இளக்கியிருக்கும். ஈரத்துணி பட்டால் சாப்ளினின் முகம் துணியோடு வந்துவிடும்.

1. பெட்டியைத் திறந்து, ஈரப்பதன் 50-க்குக் கீழே உள்ள உலர்பெட்டியில் சுருளை ஒரு வாரமாவது வையுங்கள். பூஞ்சணம் காய்ந்து தூளாகும்.
2. முகக்கவசம் அணிந்து, இஸ்தோப்பிலோ முற்றத்திலோ, மழையில்லாத நாளில், மெல்லிய தூரிகையால் சுருளின் பக்கங்களைத் தட்டுங்கள். வீட்டுக்குள் செய்தால் அந்தத் தூள் மற்றச் சுருள்களில் போய்க் குடியேறும். ஈளை, இழைப்பு உள்ளவர்கள் இந்த வேலையைப் பிறரிடம் விடுங்கள்.
3. 99 வீத ஐசோபுரொப்பைல் மதுசாரத்தைப் பஞ்சு உதிராத துணியில் சிறிது நனைத்து, சுருளை அதனூடாக மெதுவாகச் சுற்றிக் கடத்துங்கள். மருந்துக் கடையில் விற்கும் 70 வீத மதுசாரத்தில் மீதி தண்ணீர், அது உதவாது.
4. முதல் ஓரடியில் சோதியுங்கள். சாயம் துணியில் ஏறினால் நிறுத்துங்கள்.
5. துணியின் இடத்தை அடிக்கடி மாற்றுங்கள். அழுக்குத் துணி அரம்.
6. அடுப்பு, விளக்கு, சிகரெட் எதுவும் கிட்டே வேண்டாம். மதுசாரம் சட்டென்று பற்றும்.

மழைக்காலத்துக்கான வைப்பு

தேயிலை ஸ்டோரில் வேலை பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை: அரைத்து, காய்ச்சி, 3 வீத ஈரத்தில் இறக்கிய தூளை மூடாமல் விட்டால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வீணாகும். படச்சுருளும் அதே குணம். ஆனால் சுருளைத் தேயிலை அளவுக்குக் காயவைத்தால் முறுகி உடைந்துவிடும். 30 முதல் 50 வீத ஈரப்பதன் என்பதே உங்கள் இலக்கு.

வேண்டியவை: இறுக்கமாக மூடும் பிளாஸ்ரிக் பெட்டி, சிறு ஈரமானி, நிறம் மாறும் சிலிக்கா ஜெல். ஆரஞ்சிலிருந்து பச்சையாக மாறும் வகையை வாங்குங்கள். நீலநிற வகையில் கோபால்ற் சேர்ந்திருக்கும், நஞ்சு. பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது.

1. பெப்ரவரி, மார்ச் மாதத்து வறண்ட நாளொன்றில், நடுப்பகலில் பெட்டியைக் கட்டுங்கள். மழைநாளில் மூடினால் மழையையும் சேர்த்து மூடுகிறீர்கள்.
2. துருப்பிடித்த தகர டப்பாவிலிருந்து சுருளை எடுத்துப் பிளாஸ்ரிக் டப்பாவுக்கு மாற்றுங்கள். பழைய டப்பாவின் லேபலை எறியாதீர்கள்.
3. சுருளைப் படுக்கவைத்து அடுக்குங்கள். நிறுத்தி வைத்தால் வளையும்.
4. ஈரமானி வெளியிலிருந்து தெரியும்படி உள்ளே ஒட்டுங்கள். 50-ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்றுங்கள்.
5. நிறம் மாறிய ஜெல்லை 120 பாகை ஒவனில் சூடாக்கினால் மறுபடி உழைக்கும். ஆறிய பிறகே பெட்டிக்குள் போக வேண்டும்.
6. வினாகிரி மணக்கும் சுருளுக்கு மூடிய பெட்டி கூடாது. அமிலம் வெளியேற வழியில்லாமல் சிதைவு விரையும். அதற்குத் தனி அறை, காற்றோட்டமுள்ள காகித அட்டைப்பெட்டி.
7. ஆண்டுக்கொருமுறை ‘ஏ-டி’ எனப்படும் அமிலம் காட்டும் தாளை டப்பாவுக்குள் ஒரு நாள் வைத்துப் பாருங்கள். நீலம் நல்லது, பச்சை எச்சரிக்கை, மஞ்சள் என்றால் உடனே டிஜிட்டல் பிரதி.

வெப்பம் ஐந்தாறு பாகை குறைந்தால் அசற்றேற்றுப் படலத்தின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும். கொழும்பிலுள்ள சேகரிப்பாளரைவிட நீங்கள் எவ்வளவு முன்னால் நிற்கிறீர்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

*இங்குள்ளவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகள்*

அடுப்புக்கு மேல் பரணில் வைப்பது: மிளகாயும் விறகும் காயலாம், சுருளுக்குப் புகையும் சூடும் ஆகாது. ‘ஸ்டோரில் கொழுந்து வாட்டும் மாடி நல்லாக் காஞ்சு கெடக்கே’ என்று அங்கே வைப்பதும் அதே பிழை. பழைய தேயிலைப் பெட்டி பார்வைக்கு அழகு. ஆனால் ஒட்டுப்பலகை அமில ஆவி விடும், தூசியும் இருக்கும். வினாகிரிச் சுருளைத் தேயிலைப் பொட்டலத்தின் அருகே வைத்தால் தேயிலையும் போச்சு. லயத்துக் காம்பராவின் வெளிச்சுவர் குளிர்ந்து வியர்க்கும். அதை ஒட்டி அலமாரி போடாதீர்கள். உள்சுவர்ப் பக்கம், தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி வையுங்கள்.

புரொஜெக்டரில் ஏற்றுமுன்

ஒலிக்காலப் படம் நொடிக்கு 24 சட்டம் ஓடும். ஊமைப்படங்கள் கையால் சுற்றி எடுக்கப்பட்டவை. 16 முதல் 24 வரை வேகம் படத்துக்குப் படம் மாறும். எல்லாவற்றையும் 24-இல் ஓட்டியதால்தான் ‘பழைய படத்தில் எல்லாரும் துள்ளித் துள்ளி ஓடுவார்கள்’ என்ற எண்ணம் பரவியது. ஆனால் எல்லாவற்றையும் 16-க்கு இறக்குவதும் தவறு. நகைச்சுவைக் கலைஞர்கள் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி எடுத்து, திரையில் கொஞ்சம் வேகம் கூட்டியவர்கள். நடப்பவரின் கால் இயல்பாகத் தெரியும் வேகத்தைக் கண்டுபிடித்து, அதைவிட ஒரு சொட்டுக் கூட்டுங்கள். பெரும்பாலும் 18-க்கும் 22-க்கும் இடையில் அமையும். 16 மி.மீ. 400 அடிச் சுருள் 24-இல் 11 நிமிடம், 18-இல் கிட்டத்தட்ட 15 நிமிடம்.

1. கருவியின் பல்லைப் பாருங்கள். இரு பக்கமும் பல்லுள்ள பழைய ஊமைக் கருவியில், ஒரு பக்கம் மட்டும் துளையுள்ள ஒலிப் பிரதியை ஏற்றினால் மறுபக்கம் முழுவதும் குத்துப்படும். இரு பக்கத் துளையுள்ள பிரதியை எதிலும் ஓட்டலாம்.
2. மின்னழுத்தம்: நமக்கு 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். அமெரிக்கக் கருவிக்கு 110-க்கு இறக்கும் மின்மாற்றி வேண்டும். 60 ஹேர்ட்ஸுக்கான அதன் மோட்டார் இங்கே மெதுவாகச் சுற்றும்; 24 ஏறத்தாழ 20 ஆகிவிடும். பேசும்படக்காரருக்குத் தலைவலி, நமக்கு லாபம். மோட்டார் கூடுதலாகச் சூடாகும், இடையிடையே தொட்டுப் பாருங்கள்.
3. படம் கடக்கும் வாயிலைத் தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். அங்கே சிக்கிய ஒரு மணல் சுருள் முழுவதும் கோடு கிழிக்கும்.
4. ரப்பர்ப் பட்டி இளகிப் பசையாகியிருந்தால் முதலில் மாற்றுங்கள்.
5. பயனற்ற சுருளொன்றை முதலில் முழுதாக ஓட்டுங்கள். அது கீறலின்றி வந்தால்தான் நல்ல சுருள்.
6. ஏற்றியபின் கையால் திருப்பி, மேல்வளைவும் கீழ்வளைவும் நிலைக்கின்றனவா என்று பார்த்த பிறகே விளக்கைப் போடுங்கள்.
7. குளிரில் இருந்த கருவியை ஆட்கள் நிறைந்த மண்டபத்துக்குள் கொண்டுவந்தால் வில்லை வியர்க்கும். ஒரு மணி நேரம் விடுங்கள். சுருள் டப்பாவையும் அந்த நேரம் திறக்காதீர்கள்.

தோட்டத்தில் காட்டுவது

காலநிலை: சனவரி முதல் மார்ச் வரை. மண்டபமோ பள்ளியோ கிடைத்தால் நல்லது. பெரட்டுக்களத்தில் திறந்தவெளியில் காட்டுவதானால் முன்மாலை ஏழு மணிக்குள் தொடங்குங்கள். பிந்தினால் பனிமூட்டம் ஒளிக்கற்றையில் ஏறி, கீட்டன் இருக்குமிடத்தில் வெள்ளைப் புகைதான் தெரியும். ஜெனரேற்றரானால் மின்னழுத்தச் சீராக்கி அவசியம், இல்லாவிட்டால் விளக்கு போய்விடும். வயர்களை நடைவழியில் போடாதீர்கள். கருவியைச் சுற்றிக் கயிறு கட்டி, பொறுப்பான ஒருவரை நிறுத்துங்கள். பிள்ளைகள் திரையைவிடக் கருவியைப் பார்க்கத்தான் வருவார்கள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். காலையில் மலைக்கு ஏறுகிறவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எழுத்தட்டைகளைத் தமிழில் உரக்கச் சொல்ல ஒருவரை வையுங்கள். ஊமைக்காலத்துத் தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் இப்படிக் கதை சொல்ல ஆள் இருந்தார். காமன் கூத்தில் வேஷம் கட்டும் யாராவது இருந்தால் அவரே பொருத்தம். ஆனால் முதல்நாள் படத்தைக் காட்டிவிடுங்கள், நகைச்சுவைக்கு முன்னாலேயே அதைச் சொல்லிவிடும் கதைசொல்லியைப்போல் படத்தைக் கெடுப்பவர் வேறில்லை. தப்பு அடிப்பவர் கிடைத்தால் துரத்தும் காட்சிக்கு மட்டும் அடிக்கட்டும். ஆள் விழப்போகிற கணத்தில் தப்பு ஓய வேண்டும்.

எதைக் காட்டுவது? என் தெரிவு இது. முதலில் சாப்ளினின் ‘தி இமிகிரன்ட்’ (1917). ஆடும் கப்பலில் குடியேறிகள். சுதந்திரச் சிலை கண்ணில் பட்ட அதே நொடியில் அதிகாரிகள் அவர்களைக் கயிறு கட்டி ஒதுக்குகிறார்கள். சாப்ளின் அதிகாரிக்குப் பின்னாலிருந்து ஓர் உதை கொடுக்கிறார். இந்தியாவிலிருந்து வந்தபோது மண்டபம் முகாம், தலைமன்னார்க் கப்பல், பிறகு பலரைத் திருப்பி அனுப்பிய 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் என்று குடும்பக் கதை உள்ளவர்கள் அந்த உதைக்குச் சிரிக்கும் சிரிப்பு வேறு. அடுத்து கீட்டனின் ‘ஒன் வீக்’ (1920): துண்டு துண்டாக வந்த வீட்டைப் புதுமணத் தம்பதி தவறான ஒழுங்கில் பூட்டுகிறார்கள், வீடு கோணலாக எழும்பி, காற்றில் சுழல்கிறது. வீடு கட்ட ஏழு பேர்ச்சஸ் காணிக்குக் காத்திருக்கும் ஊரில் இதற்கு முன்னுரை தேவையில்லை. நேரமிருந்தால் லோரலும் ஹார்டியும் ஒருவரின் வீட்டை உடைக்க, அவர் இவர்களின் காரை உடைத்துத் தள்ளும் ‘பிக் பிஸ்னஸ்’ (1929).

குடிகாரர் வேடத்தில் சாப்ளின் தனியாகக் கலக்கும் ‘ஒன் ஏ.எம்.’ (1916) ஓர் அற்புதம். இருந்தாலும் தோட்டத்தில் காட்ட நான் தயங்குவேன். முன்வரிசையில் உட்காரும் பெண்கள் பலருக்கு அது வீட்டில் நடப்பது. ‘ஈஸி ஸ்ட்ரீட்’டில் (1917) போதை ஊசி வரும் இடமுண்டு. கறுப்பினத்தவரையும் சீனரையும் கேலி செய்யும் துண்டுகள் அக்காலப் படங்களில் எதிர்பாராமல் வரும். எதையும் முழுதாக முன்பார்த்தபின் காட்டுங்கள்.

இந்தியப் படம் ஒன்று வேண்டுமென்றால் தப்பிப்பிழைத்த ‘ஜமாய் பாபு’ (1931) இருக்கிறது. மாமனார் வீடு தேடிக் கல்கத்தா வந்த கிராமத்து மாப்பிள்ளை படும் பாடு. புனேயிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்தில் உள்ளது.

உரிமையும் டிஜிட்டல் பிரதியும்

சுருள் உங்களுடையது என்பதால் பொதுவில் காட்டும் உரிமை உங்களுடையதாகாது. அமெரிக்காவில் வெளியாகி 95 ஆண்டு கடந்த படங்களுக்கு அந்நாட்டில் காப்புரிமை முடிந்துவிட்டது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமோ வேறு கணக்கைக் கொண்டது. கட்டணம் வாங்கி நடத்தும் காட்சியானால் சட்டம் தெரிந்தவரிடம் கேட்டுவிடுங்கள். புதிதாகச் சேர்த்த இசைக்கும் தனி உரிமை உண்டு.

பிரதி எடுக்கத் திரையில் ஓடுவதைக் கைபேசியால் பிடிப்பது வேலைக்காகாது, மினுக்கம் விழும். சட்டம் சட்டமாகப் பிடிக்கும் ஸ்கானரே சரி, சுருங்கிய சுருளையும் அது தாங்கும். ஒலித்தடம் உள்ள பிரதியில் படத்தின் இடப்பக்கம் சிறிது வெட்டுப்பட்டிருக்கும் என்பதால், அதே படத்தின் ஊமைப் பிரதி கிடைத்தால் அதையே ஸ்கான் செய்யுங்கள்.

தனிச் சேகரிப்பாளர்களை யாரும் குறைத்து மதிக்க வேண்டாம். லோரல்–ஹார்டியின் ‘தி பேட்டில் ஒஃப் த செஞ்சுரி’யில் (1927) புகழ்பெற்ற பை எறியும் சண்டை இடம்பெறும் இரண்டாம் சுருள் முழுதாக இல்லை என்றே நீண்டகாலம் நம்பப்பட்டது. 2015-இல் அது ஒரு தனியார் சேகரிப்பின் 16 மி.மீ. பிரதியாக வெளிவந்தது.

காட்சி முடிந்த இரவிலேயே

1. சூடான புரொஜெக்டரை அணைக்காமல் விளக்கை மட்டும் அணைத்து, விசிறியைச் சில நிமிடம் ஓடவிடுங்கள்.
2. பனிக்காற்றில் திறந்து கிடந்த சுருளை அன்றே பெட்டிக்குள் பூட்டாதீர்கள். ஓர் இரவு உலர்பெட்டியில் தனியாக வைத்து, மறுநாள் மதியம் சேருங்கள்.
3. மெதுவாக, ஒரே இழுவையில் திருப்பிச் சுற்றுங்கள். வேகமாகச் சுற்றினால் மடிப்புகள் ஒன்றையொன்று உரசும்.
4. துளைகளை மறுபடி பாருங்கள். புதுக் கிழிவு இருந்தால் அடுத்த காட்சிக்குமுன் ஒட்டுங்கள்.
5. அட்டையில் எழுதுங்கள்: படத்தின் பெயர், அளவு, நீளம், ஓரக்குறி, 100 சட்ட அளவு, ஓட்டிய திகதி, வேகம், எந்தத் தோட்டம், யார் வீட்டிலிருந்து வந்தது. கடைசி விடயத்தை ஒருபோதும் விடாதீர்கள். சுருளைத் தந்தவர் விரும்பாவிட்டால் பெயருக்குப் பதில் தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் எழுதுங்கள்.
6. 100 சட்ட அளவு போன ஆண்டைவிடக் குறைந்திருந்தால் அந்தச் சுருளுக்கு ஓய்வு. இனி ஸ்கான் பிரதியைக் காட்டுங்கள்.